படகை மாத்துன்னு சொல்றது சுலபம்... ஐந்தொகை போட்டுப் பார்த்தது யாரு?



ராமேஸ்வரம் மீனவர்கள் கைதுன்னு செய்தி வந்தா ஒரு மணி நேரத்துல நம்ம டைம்லைன் நிரம்பிடும். கண்டனம், ஹேஷ்டேக், கச்சத்தீவு போஸ்டர். மறுநாள் அடுத்த ட்ரெண்டுக்குப் போயிடுவோம். கைதானவங்க சில வாரத்துலயோ சில மாசத்துலயோ ஊர் திரும்புவாங்க. படகு பெரும்பாலும் திரும்புறதில்லை. இந்தப் பதிவு அந்தப் படகைப் பத்தினது.

"காரைக்குடிக்காரனுக்குப் படகுக் கணக்கு எதுக்குப்பா?"ன்னு சிலர் கேட்கலாம். சிவகங்கை மாவட்டத்துக்குக் கடற்கரை இல்லைதான். ஆனா நம்ம சந்தைக்கு வர்ற கடல் மீன் தொண்டியிலும் கோட்டைப்பட்டினத்திலும் ஜெகதாப்பட்டினத்திலும் கரை இறங்கி வர்றது. இன்னொண்ணும் இருக்கு. கப்பலேறி பர்மா, மலேயா போய் கொடுக்கல் வாங்கல் செஞ்சு, ஐந்தொகை எழுதிப் பழகின மண்ணு இது. கடன் எப்போ கைகொடுக்கும், எப்போ கழுத்தை நெரிக்கும்னு நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். அந்தக் கண்ணோட ஒரு மீனவர் படகு வாங்குற கணக்கைப் பார்ப்போம்.

முதல்ல பழைய படகு.

கையில கொஞ்சம் காசு, கொஞ்சம் கடன். இதை வெச்சு ஒருத்தர் பழைய விசைப்படகு வாங்கப் போறார்னு வெச்சுக்குவோம். தோழர்கள் யாராவது வாங்கப் போனா நாலு விஷயம் பாருங்க.

1. மீன்வளத்துறை பதிவுச் சான்று, மீன்பிடி உரிமம் யார் பேருல இருக்கு? பெயர் மாற்றம் ஆகாத படகுக்கு மானிய டீசலும் கிடைக்காது, நிவாரணமும் கிடைக்காது.

2. படகு மேல வங்கிக் கடனோ தனியார் கடனோ நிக்குதா? வாய்வார்த்தையை நம்பாம எழுத்துல வாங்குங்க.

3. மரப்படகுன்னா தண்ணிக்கு மேல தெரியுற பெயிண்டைப் பார்த்து ஏமாறக்கூடாது. கரையேத்தி, அடிப்பலகையில கடல்புழு அரிச்சிருக்கான்னு தட்டிப் பார்க்கணும். இரும்புப் படகுன்னா தகட்டோட கனத்தை மீயொலிக் கருவி வெச்சு அளக்கணும். ராமேஸ்வரம், மண்டபம் பக்கத்து உப்புக்காத்து இரும்பைத் தின்னுடும். அரிமானத்தை ஆராயுற சிக்ரி ஆய்வகம் நம்ம காரைக்குடியிலயே இருக்கு. வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து வந்த நிறுவனம். அதோட அறிவு தொண்டிக் கரையில இருக்குற படகுக்காரர் வரைக்கும் போய்ச் சேர அரசு ஒரு வழி செஞ்சிருக்கணும் இல்லையா?

4. இன்ஜினை வெறுமனே ஸ்டார்ட் பண்ணிக் காட்டினா போதாது. சுமையோட கடல்ல ஓட்டி, புகையையும் சூட்டையும் பார்த்து, மெக்கானிக்கை வெச்சு முடிவு பண்ணுங்க.

இந்த நாலும் சரியா இருந்தாலும் அஞ்சாவதா ஒண்ணு இருக்கு. அதுக்கு எந்த மெக்கானிக்கும் உத்தரவாதம் கொடுக்க முடியாது. பாக் நீரிணையில இழுவைப்படகு வாங்குறவர் பலகையையும் இன்ஜினையும் மட்டும் வாங்கலை. ஒரு சட்டச் சிக்கலையும் சேர்த்து வாங்குறார்.

2017-ல இலங்கை இழுவைமடி மீன்பிடிப்பைச் சட்டம் போட்டுத் தடை பண்ணிடுச்சு. 2018-ல வெளிநாட்டுப் படகுகளுக்கான அபராதத்தை 17.5 கோடி இலங்கை ரூபாய் வரைக்கும் உயர்த்துச்சு. பிடிபட்ட படகோட உரிமையாளர் ஆவணங்களோட அங்க நீதிமன்றத்துல போய் நிக்கணும்; நிக்கலைன்னா படகு அரசுடைமை. 2022 பிப்ரவரியில நம்ம மீனவர்களோட 105 படகுகளை இலங்கை ஏலத்துக்கு விட்டுச்சு. மீட்க முடியாத 125 படகுகளுக்குத் தமிழ்நாடு அரசு அந்த வருஷம் நிவாரணம் கொடுத்தது: 108 விசைப்படகுக்குத் தலா 5 லட்சம், 17 நாட்டுப்படகுக்குத் தலா ஒன்றரை லட்சம். ஒரு விசைப்படகோட விலை தெரிஞ்ச யாரும் 5 லட்சத்தை இழப்பீடுன்னு சொல்ல மாட்டாங்க.

இப்போ புதுப்படகு.

"இழுவைப்படகை விடுங்க, ஆழ்கடலுக்குப் போங்க"ன்னு 2017-ல மத்திய அரசு நீலப் புரட்சித் திட்டத்துல சொன்னாங்க. மூணு வருஷத்துல 2,000 இழுவைப்படகை மாத்தி, சூரை பிடிக்கிற தூண்டில், செவுள்வலைப் படகு கொடுக்குறதா இலக்கு. ஜூலை 27 அன்னிக்குப் பிரதமர் ராமேஸ்வரத்துக்கே வந்து பயனாளிகள் கையில ஆணை கொடுத்தார். படகு விலை 80 லட்சம்னு கணக்கு. மத்திய அரசு 40 லட்சம், மாநில அரசு 16 லட்சம், வங்கிக் கடன் 16 லட்சம், மீனவர் கையிலிருந்து 8 லட்சம்.

பேப்பர்ல நல்ல திட்டம்தான். இழுவைமடிக்கு மாற்று வேணும்ங்கிறதை நாமும் மறுக்கலை. ஆனா மூணு வருஷம் முடிஞ்சப்போ கடல்ல இறங்கினது இலக்குல ஒரு சின்னத் துண்டுதான். ஏன்?

முதல் காரணம் விலை. 80 லட்சத்துக்குள்ள அந்தப் படகு முடியலை. 2020-ல வந்த பிரதமர் மத்ஸ்ய சம்பதா திட்டத்துல அரசே ஆழ்கடல் படகு விலையை 1 கோடியே 20 லட்சம்னு ஒத்துக்கிச்சு. அந்தத் திட்டத்துல பொதுவான மானியம் 40 சதவீதம். பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 60 சதவீதம். 40 சதவீதம்னா 48 லட்சம். மீதி 72 லட்சம் படகுக்காரர் தலையில. மாநில அரசு கூடுதலா கொடுத்தாதான் அது குறையும். அந்த 72 லட்சத்தையும் பத்து சதவீத வட்டிக்கு வாங்குறார்னு வெச்சுக்குங்க. மாசம் 60 ஆயிரம் வட்டி மட்டும் போகும், அசல் அப்படியே நிக்கும். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் வேற. கடலுக்குத் தடை உண்டு, வட்டிக்குத் தடை உண்டா?

ரெண்டாவது காரணம் தொழில். பாக் நீரிணை ஆழம் குறைஞ்ச கடல். சாயங்காலம் போய் காலையில கரை திரும்புற பழக்கம். ஆழ்கடல் சூரைப்படகு சுமார் 22 மீட்டர் நீளம். போனா நாள்கணக்குல, வாரக்கணக்குல கடல்லயே இருக்கணும். நூற்றுக்கணக்கான தூண்டிலை வரிசையா விட்டு எடுக்குறது வேற வித்தை. குமரி மாவட்டத் தூத்தூர் மீனவர்கள் தலைமுறையா அதைப் பழகினவங்க. தொண்டிக்காரர் ஒரு வாரப் பயிற்சியில தூத்தூர்க்காரர் ஆயிட முடியாது.

மூணாவது, கரை. இவ்வளவு பெரிய படகு நிக்கத் துறைமுகம் வேணும், ஐஸ் வேணும், குளிர்கிடங்கு வேணும், சூரைக்கு நியாயமான விலை கொடுக்குற ஆள் வேணும். படகை மட்டும் கொடுத்துட்டு மத்ததை விட்டா, மாட்டைக் கொடுத்துட்டு மேய்ச்சல் நிலத்தைப் பட்டா போட்டு வித்த கதைதான்.

தோழர்களே, நம்ம ஆளுங்களுக்கே கசக்குற ஒரு உண்மையையும் இங்க சொல்லணும். அந்தப் பக்கம் யாழ்ப்பாணம், மன்னார் கரையில இருக்குறதும் தமிழ் மீனவர்தான். முப்பது வருஷப் போர்ல படகையும் வலையையும் இழந்து, மறுபடி சின்னப் படகும் கடன் வாங்கின வலையுமா எழுந்தவங்க. நம்ம இழுவைமடி அவங்க வலையை அறுத்துட்டுப் போறப்போ அவங்க வீட்டு அடுப்பும்தான் அணையுது. நம்ம பக்கத்து நாட்டுப்படகு மீனவர்களும் இதே புகாரைப் பல வருஷமா சொல்றாங்க. கடலடியைச் சுரண்டுற மடி, குஞ்சு மீனையும் சேர்த்து வாருது. இலங்கைக் கடற்படையோட அத்துமீறலைக் கண்டிக்கிற அதே வாயால இதையும் சொன்னாத்தான் நம்ம பேச்சுக்கு மதிப்பு.

இழுவைமடி போகணும். ஆனா அதுக்கான செலவு மீனவர் தலையில விழக்கூடாது. 1960-கள்ல அந்தப் படகுகளை மானியம் கொடுத்து ஊக்குவிச்சதே அரசாங்கம்தான். கொண்டுவந்தவங்கதான் வெளியே வர்ற வழிக்கும் காசு கொடுக்கணும்.

அதனால நாம கேட்கிறது இது:

- மானியம் அறிவிப்பு நாள் விலைக்கு இல்லாம, படகு கட்டி முடிக்கிற விலைக்குக் கணக்கிடப்படணும். தடைக்காலத்துக்கு வட்டி விலக்கு வேணும்.

- பழைய இழுவைப்படகை அரசே நியாய விலை கொடுத்து வாங்கி உடைக்கணும். இல்லைன்னா அது இன்னொரு ஏழையோட கைக்கு மாறும், அவ்வளவுதான்.

- ஒரு முதலாளிக்கு ஒரு படகுன்னு கொடுக்காம, பத்துக் குடும்பம் சேர்ந்த கூட்டுறவுக்கும் கொடுங்க. பங்குக்கும் கூலிக்கும் போறவங்களுக்கும் படகுல உரிமை வரட்டும்.

- தூத்தூர் மீனவர்களையே ஆசிரியராக்கி, சம்பளத்தோட ஒரு முழு பருவப் பயிற்சி.

- பெரிய படகு வேண்டாம்னு சொல்றவங்களுக்குப் பாக் நீரிணைக்குப் பொருந்துற சின்ன பைபர் படகு, செவுள்வலை, கரையிலயே ஐஸ் வசதி. எல்லாரையும் ஆழ்கடலுக்கு விரட்ட வேண்டியதில்லை.

- ரெண்டு பக்க மீனவர்களும் நேருக்கு நேர் பேசுற பேச்சுவார்த்தை மறுபடி நடக்கணும். 2010-ல அவங்க பேசினாங்க.

மத்தியில ஆள்றவங்க ஆணையைக் கொடுத்துப் படம் எடுத்துக்கிட்டாங்க. மாநிலத்துல மாறி மாறி ஆண்டவங்க டெல்லிக்குக் கடிதம் எழுதினாங்க. 80 லட்சம் ஏன் 120 லட்சம் ஆச்சு, அந்த 40 லட்சம் வித்தியாசத்தை யார் தாங்குறதுன்னு ரெண்டு பேருமே மீனவர்கிட்ட உட்கார்ந்து பேசலை.

அடுத்த கைது செய்தி வர்றப்போ ஹேஷ்டேக் போடுங்க, வேண்டாம்னு சொல்லலை. அதோட உங்க எம்.பி., எம்.எல்.ஏ. பக்கத்துல ஒரே ஒரு கேள்வியும் போடுங்க: "2,000 படகுல எத்தனை கடல்ல ஓடுது?" பதில் வர்ற வரைக்கும் விடாதீங்க.

- தகவல் தொழில்நுட்ப அணி, காரைக்குடி

#படகுஎங்கே #பாக்நீரிணை #மீனவர்உரிமை