காசிக்குப் போகாத மாப்பிள்ளை

சென்ற வைகாசியில் மயிலாப்பூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். காசி யாத்திரை நடந்து கொண்டிருந்தது. மாப்பிள்ளை பஞ்சகச்சம் கட்டி, கண்ணில் மை தீட்டி, குடையும் விசிறியும் தடியும் ஏந்தி, கக்கத்தில் ஒரு புத்தகத்தை இடுக்கிக்கொண்டு மண்டப வாசலிலிருந்து பத்தடி நடந்தார். பெண்ணின் தகப்பனார் தேங்காயுடன் ஓடி வந்து மறித்து, "என் பெண்ணைத் தருகிறேன், திரும்பி வாருங்கள்" என்று வேண்டினார். மாப்பிள்ளையும் பெரிய மனசு பண்ணித் திரும்பினார்.

உடனே புகைப்படக்காரர், "ஸார், படம் சரியாக விழவில்லை. இன்னொரு தடவை காசிக்குப் போங்கள்" என்றார். போனார். மாமனாரும் இன்னொரு தடவை ஓடினார். மனிதருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும், மூச்சு வாங்கிற்று.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் கோபம் வந்தது.

அந்தச் சடங்கின் தாத்பரியம் என்ன? பிரம்மசரியம் முடித்தவன் இனி உலகத்தில் ஒன்றுமே வேண்டாம் என்று கிளம்புகிறான். அவனைத்தான் இல்லறத்துக்கு அழைக்கிறார்கள். ஒன்றுமே வேண்டாம் என்றவன்! அவன் வீட்டில் எத்தனை பவுன், எத்தனை வெள்ளிப் பாத்திரம், சீர் முறுக்கு எத்தனை சுற்று என்பதெல்லாம் மூன்று மாதம் முன்பே பேசியாகிவிட்டது. (பெண்ணுக்குக் காசிக்குப் போக ஆசை உண்டா என்று எந்தச் சாஸ்திரிகளும் கேட்டதில்லை.)

மாப்பிள்ளையை மகாவிஷ்ணுவாகப் பாவித்துக் காலை அலம்புகிறார்கள். அப்போது கூட்டம் நிற்கிறது, மேளம் கொட்டுகிறது. தாலி ஏறியதும் அட்சதையைப் போட்டுவிட்டு எல்லாரும் பந்திக்கு ஓடிவிடுகிறார்கள். அதற்குப் பிறகுதான் விஷயமே இருக்கிறது. அந்த விஷ்ணு குனிந்து பெண்ணின் காலைக் கையால் பிடித்து அம்மிமேல் வைக்க வேண்டும். கைபிடித்து ஏழடி நடத்தி, ஏழாவது அடியில் அவளைத் தோழி என்று சொல்ல வேண்டும். ஸப்தபதி நடக்கிற கல்யாணத்தில் ஏழாவது அடி வைத்தால்தான் விவாகம் பூர்த்தியாகிறது என்று 1955-ஆம் வருஷத்து ஹிந்து விவாகச் சட்டமே சொல்கிறது. மாப்பிள்ளை நிமிர்ந்து நிற்பதற்கு ஆயிரம் சாட்சி. குனிவதற்கு ஹோமப் புகைதான் சாட்சி.

'இது பரம்பரை வழக்கம்' என்பார்கள். எந்தப் பரம்பரை? அகநானூற்றின் 86, 136-ஆம் பாட்டுகள் இரண்டு கல்யாணங்களை வர்ணிக்கின்றன. இரண்டிலும் பேசுகிறவன் மாப்பிள்ளைதான். பந்தல் போட்டதையும் மணல் பரப்பியதையும் பெண்ணை நீராட்டியதையும் வாயாரச் சொல்கிறான். பெண்ணைத் தந்தார்கள் என்பதற்கு மேல் என்ன தந்தார்கள் என்று ஒரு வார்த்தை இல்லை. முல்லைக்கலியில் வருகிறவனோ காளையை அடக்கிவிட்டுத்தான் பெண் கேட்க வேண்டும். அவ்வளவு தூரம் போவானேன்? நம் ஊர்களிலேயே பல சமூகங்களில் பரிசப்பணம் கொடுத்தது மாப்பிள்ளை வீடுதானே!

1961-லேயே வரதட்சிணைத் தடைச் சட்டம் வந்துவிட்டது. கேட்டு வாங்குவது குற்றம் என்று ஆனதும் அந்த வார்த்தையைக் கைவிட்டோம். "உங்கள் பெண்ணுக்கு நீங்கள் செய்வதைச் செய்யுங்கள்" என்று புது வார்த்தை கண்டுபிடித்தோம். 1986-ல் வரதட்சிணைச் சாவு என்றே தண்டனைச் சட்டத்தில் தனிப் பிரிவு சேர்க்க வேண்டி வந்தது. அப்போதும் மாப்பிள்ளைகள் சொன்னது ஒன்றுதான்: "எனக்கு ஒன்றும் வேண்டாம் ஸார், எல்லாம் பெரியவர்கள் பார்த்துச் செய்கிறார்கள்."

இந்த வாக்கியத்தின்மேல்தான் எனக்குக் கோபம். கேட்கிற தகப்பனாரோடு சண்டையாவது போடலாம். வாயே திறக்காத பிள்ளையோடு எப்படிப் போடுவது?

எனக்கு அந்த மௌனம் நன்றாகத் தெரியும். என் நிச்சயதார்த்தத்தன்று கூடத்தில் அப்பா மோட்டார் சைக்கிள் என்று ஆரம்பித்தபோது, நான் ஜன்னலோரம் நின்று தெருவில் போகிற ஆட்டுக் குட்டியைப் பார்த்துக் கொண்டிருந்தேன். காதில் எல்லாம் விழுந்தது. மாமனார் ஒரு நிமிஷம் என் பக்கம் பார்த்தார். நான் ஆட்டுக் குட்டியையே பார்த்தேன். வண்டி வந்தது. பன்னிரண்டு வருஷம் நன்றாகத்தான் ஓடிற்று.

தலை தீபாவளிக்குப் போனபோது மாமியார் எனக்கு எண்ணெய்க் கிண்ணத்தை நீட்டினார். பெண் பார்க்கப் போன அன்று அந்தக் கையில் நான்கு தங்க வளையல் பார்த்த ஞாபகம். இப்போது பச்சைக் கண்ணாடி வளையல். நான் பார்ப்பதைக் கவனித்து, "இது வேலை செய்ய இதமாக இருக்கு மாப்பிள்ளை" என்றார்.