பாடகர் குழுவோடு நிறுத்தாதீர்கள்
1729-இல் ஆக்ஸ்ஃபோர்டில் நண்பர்கள் சிலரோடு கூடி ஜெபிக்கவும் படிக்கவும் தொடங்கியபோது சார்லஸ் வெஸ்லிக்கு வயது 21. அண்ணன் ஜான் வெஸ்லி தலைமையேற்ற அந்தச் சிறு குழு, அடுத்த ஆண்டே சிறைக் கைதிகளைத் தேடிப் போனது. மெத்தடிஸ்ட் இயக்கத்தின் வேர் அந்த இளைஞர்கள்தான். தமிழ்நாட்டில் அந்த மரபு, 1947 செப்டம்பர் 27 அன்று உருவான தென்னிந்தியத் திருச்சபையில் கலந்து வாழ்கிறது. ஆனால் இன்று நம் சபைகளில் வாலிபர்களுக்குக் கீதபவனியும் பாடகர் குழுவும் எளிதாகக் கிடைக்கின்றன. முடிவெடுக்கும் கமிட்டியில் இடம் கிடைப்பதோ அரிது. அந்த இடம் அவர்களுக்கு ஏன் வேண்டும் என்பதைச் சாதிப் பாகுபாடே சொல்லும். கிரிவலத்துக்கு லட்சக்கணக்கானோர் கூடும் திருவண்ணாமலை மாவட்டத்தில், தென்முடியனூர் தலித் மக்கள் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் நுழைந்தது 2023 ஜனவரி 30 அன்றுதான். இதை அடுத்த வீட்டுக் குறையாகக் கிறிஸ்தவர்கள் பார்க்க முடியாது. கல்லறைத் தோட்டத்திலும் சாதிச் சுவர் எழுப்பிய சபைகள் இதே தமிழ்நாட்டில் உண்டு. அந்தச் சுவரைக் கேள்வி கேட்கும் துணிவு, சபையின் பழைய பகைகளைச் சுமக்காத பிள்ளைகளிடம்தான் மிகுதி. எல்லாருக்கும் ஒரே கல்லறைத் தோட்டம், சக்கர நாற்காலியில் வருவோருக்கு வாசலில் சாய்தளம், திருநங்கையருக்கு மற்றவர்களோடு சமமாக ஓர் இருக்கை என்று அவர்கள் கேட்டால், அதைக் கலகம் என்று ஒதுக்கக் கூடாது; அது சுவிசேஷத்தின் கோரிக்கை. வரும் சபைத் தேர்தலில் 30 வயதுக்கு உட்பட்ட ஆண்களையும் பெண்களையும் நிறுத்துங்கள். வரவுசெலவுக் கணக்கையும் அவர்கள் கையில் கொடுங்கள்.