உயிருக்கு உலை வைக்கும் பச்சைச் சிப்பி!

சிப்பிக்குள் முத்து இருக்கும். சில சமயம் எமனும் இருப்பான்!

அமெரிக்காவில் பலருக்குச் சிப்பி என்றால் கொள்ளை ஆசை. ஓட்டைப் பிளந்து, எலுமிச்சம் பழம் பிழிந்து, பச்சையாகவே விழுங்குவார்கள். அப்படிச் சாப்பிட்டவர்களில் சிலர், நோய் கண்ட இரண்டொரு நாளில் இறந்துவிடுகிறார்கள்.

காலராவின் பங்காளி

இதற்குக் காரணம், கண்ணுக்குத் தெரியாத ஒரு கிருமி. பெயர் "விப்ரியோ வல்னிபிகஸ்". காலராக் கிருமியின் இனத்தைச் சேர்ந்தது. வெதுவெதுப்பான கடலில், ஆற்று நீர் கலக்கும் இடங்களில் வாழ்கிறது. இது சாக்கடையால் வருவது அல்ல. சுத்தமான கடலிலும் இருக்கும்.

சிப்பி, கடல் நீரை உறிஞ்சி, வடிகட்டி, இரை தேடும். அப்போது கிருமியும் அதன் உடலில் தங்கிவிடும். ஆனால் சிப்பியின் நிறம் மாறாது. மணமும் ருசியும் மாறாது. எலுமிச்சம் சாறோ, காரமோ, மதுவோ கிருமியைக் கொல்வதில்லை.

யாருக்கு ஆபத்து?

நல்ல உடல்நலம் உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் வாந்தி, வயிற்றுப்போக்கோடு போய்விடும். ஈரல் கெட்டவர்கள், நீரிழிவு நோயாளிகள் ஆகியோருக்குத்தான் பேராபத்து. கிருமி ரத்தத்தில் கலந்து, கடும் காய்ச்சல் வரும். தோலில் கொப்புளம் கிளம்பும். இந்தக் கிருமி தாக்கியவர்களில் 5 பேருக்கு ஒருவர் இறப்பதாக அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் கூறுகிறது.

சட்டம் வந்தது

கலிபோர்னியா மாநிலத்தில் 1991 முதல் 2001 வரை 40 பேர் இந்த நோய்க்குப் பலியானார்கள். 2003-ல் அங்கு ஒரு தடை வந்தது. மெக்சிகோ வளைகுடாவில் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை எடுக்கும் சிப்பியை, கிருமி நீக்காமல் பச்சையாக விற்கக்கூடாது என்பதே அந்தத் தடை. அதன் பின் சாவு வெகுவாகக் குறைந்தது.

2009-ல், நாடு முழுவதும் இதே போன்ற தடையைக் கொண்டுவர மத்திய அதிகாரிகள் முயன்றார்கள். வளைகுடாக் கரையில் எதிர்ப்புக் கிளம்பியது. "கிருமி நீக்கும் இயந்திரம் வாங்கப் பணம் ஏது? எங்கள் பிழைப்பு என்ன ஆவது? நோயாளிகளை எச்சரித்தால் போதாதா?" என்று சிப்பித் தொழிலில் இருப்பவர்கள் கேட்டார்கள். சில வாரங்களில் அதிகாரிகள் பின்வாங்கினார்கள்.

தொழிலாளர்களின் கவலை நியாயமானதே. ஆனால் எச்சரிக்கை மட்டும் போதுமா? ஈரல் கெட்டிருப்பதே தெரியாமல் நடமாடுபவர்கள் பலர் உண்டு. "நோயாளிகள் சாப்பிட வேண்டாம்" என்று எழுதி வைத்தாலும், அது தங்களுக்குத்தான் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

அடுப்பே காவல்

வீட்டில் செய்யக்கூடியது எளிது. சிப்பியைக் கொதிநீரில் போடவேண்டும். ஓடு திறந்த பிறகும் 3 முதல் 5 நிமிடம் வேகவிடவேண்டும். திறக்காத சிப்பியைத் தூர எறிந்துவிடவேண்டும். புண் உள்ள கையால் பச்சைச் சிப்பியைத் தொடவும் கூடாது. புண் வழியாகவும் கிருமி நுழையும்.

ருசிக்கு ஆசைப்படலாம். உயிரைப் பணயம் வைக்கலாமா?