நிறத்தைச் சொன்னோம், துணியைச் சொன்னோமா?

கொஞ்சம் நீளமான பதிவு. அதுவும் பேண்ட்டைப் பற்றி. சிரிக்காதீங்க, முழுசா படிச்சிட்டு அப்புறம் திட்டுங்க.

அடுத்த திருவிழாவுக்குத் தொண்டூழியர் பட்டியல் போட ஆரம்பிச்சாச்சு. வாட்ஸ்அப் குழுவில் வழக்கமான அறிவிப்பும் வந்துவிட்டது: "குழு டீ-சட்டை வழங்கப்படும். கறுப்பு பேண்ட் அணிந்து வரவும்." வருஷா வருஷம் இதே ரெண்டு வரிதான். பழைய செய்தியை எடுத்துத் தேதியை மட்டும் மாத்தி அனுப்புவோம். இந்தத் தடவை அதைப் படிச்சப்போ எனக்கு மனசு ஒரு மாதிரி ஆயிடுச்சு.

காரணம் ஒரு தைப்பூசம். எந்தக் குழு, எந்த வருஷம் என்பதெல்லாம் வேண்டாம். பகல் ஒரு மணி. சிராங்கூன் ரோட்டில் காவடி வரிசை நகராமல் நிற்கிறது. எங்க குழுவில் ஒரு தம்பி, பாலிடெக்னிக் முதல் வருஷம், காலை ஆறு மணியிலிருந்து தடுப்புப் பக்கத்தில் நின்று பக்தர்களை ஒழுங்குபடுத்திக்கிட்டு இருந்தான். திடீர்னு அப்படியே ரோட்டில் உட்கார்ந்துட்டான். முகம் வெளுத்துப் போச்சு. நாலு பேர் சேர்ந்து தூக்கி ஐந்தடிக்குள்ள கொண்டுபோய்ப் படுக்க வைத்தோம். (வெளியூர் நண்பர்களுக்கு: கடை முன்னாடி இருக்கும் நிழல் நடைபாதையைத்தான் இங்கே ஐந்தடி என்போம்.) முதலுதவிக்கு வந்த அக்கா, "காலைக் கொஞ்சம் காத்தாட விடுங்க, பேண்ட்டைச் சுருட்டி விடுங்க" என்றார். சுருட்ட முடிஞ்சாத்தானே! ஒட்டிப் பிடிக்கிற ஜீன்ஸ், வியர்வையில் நனைந்து தோலோடு தோலாக ஒட்டியிருந்தது. முழங்கால் வரைக்கும்கூட ஏறவில்லை.

முழுப் பழியையும் ஜீன்ஸ் மேல் போட மாட்டேன். பையன் முந்தின ராத்திரி சரியாகத் தூங்கவில்லை, காலையில் வெறும் காப்பிதான். அரை மணி நேரத்தில் தெளிஞ்சு எழுந்து உட்கார்ந்துட்டான். "ஏம்பா, இந்த வெயில்ல யாராவது இவ்ளோ மொத்தமான ஜீன்ஸ் போடுவாங்களா?" என்று கொஞ்சம் கோபமாகவே கேட்டேன். அவன் சொன்னது: "அண்ணே, கறுப்புல என்கிட்ட இது ஒண்ணுதான் இருக்கு."

அதுக்கு என்னால் பதில் பேச முடியவில்லை. ஏன்னா, கறுப்பு பேண்ட் என்று முடிவு செய்த கூட்டத்தில் கை தூக்கினவங்கள்ல நானும் ஒருத்தன். படத்தில் எல்லாரும் ஒரே மாதிரி தெரிவாங்க, சாம்பார் கறை தெரியாது. இதுதான் அன்னைக்கு நாங்க பேசின ரெண்டு காரணம். வெயிலைப் பற்றி அந்தக் கூட்டத்தில் ஒருத்தர்கூடப் பேசவில்லை. குளிர்சாதன அறையில் நடந்த கூட்டம் அது.

சரி, நம்ம ஊர் வெயில் என்ன லட்சணம் என்று பாருங்க. 2023 மே 13ஆம் தேதி அங் மோ கியோவில் 37 டிகிரி பதிவானது. 1983 ஏப்ரலில் தெங்காவில் பதிவான உச்சத்துக்குச் சமம். நாற்பது வருஷமாக அதைத் தொட்ட நாளே இல்லை. அந்த மாதம் சில பள்ளிகளே பிள்ளைகளைச் சீருடைக்குப் பதிலாக உடற்கல்வி உடையில் இருக்க விட்டன. சீருடை விஷயத்தில் நம்ம பள்ளிகள் எவ்வளவு கறார் என்று படிச்சவங்களுக்குத் தெரியும். அவங்களே இறங்கி வந்தாங்க.

ஆனா நம்ம ஊரில் டிகிரியை மட்டும் பார்த்தால் போதாது. சென்னையில், மதுரையில் 40 டிகிரி அடிக்கும், நமக்கு 33தானே என்று சிலர் சொல்வாங்க. உடம்பு எப்படிக் குளிருது? வியர்வை காத்தில் காய்ந்து போகும்போதுதான் சூட்டையும் கூடவே எடுத்துக்கிட்டுப் போகுது. இங்கே காத்திலேயே ஏகப்பட்ட ஈரம். வியர்வை காயாமல் வழிஞ்சுக்கிட்டே இருக்கும். வழியுற வியர்வை உடம்பைக் குளிர வைக்காது, பேண்ட்டை நனைக்கும், அவ்ளோதான். அதனால்தான் வெயில், ஈரப்பதம், காற்று எல்லாத்தையும் சேர்த்துப் பார்க்கிற ஒரு அளவை வைத்து 2023 ஜூலையிலிருந்து அரசாங்கம் வெப்ப எச்சரிக்கை கொடுக்கிறது. அந்த அளவு 31க்குக் கீழே இருந்தால் ஆபத்து குறைவு, 33ஐத் தொட்டால் அதிகம். கைப்பேசியில் மைஇஎன்வி செயலியில் யார் வேணும்னாலும் பார்க்கலாம். அதே வருஷம் அக்டோபரிலிருந்து, அந்த அளவு 32க்குப் போனால் வெளியே கடுமையான உடல் உழைப்பு செய்யும் ஊழியருக்கு மணிக்குக் குறைந்தது பத்து நிமிடம் ஓய்வு தரணும் என்று மனிதவள அமைச்சு விதி வைத்தது. சம்பளம் வாங்கி வேலை செய்றவருக்கு இந்தப் பாதுகாப்பு இருக்கு. சம்பளம் இல்லாமல் சாமிக்காக வந்து நிற்கும் பிள்ளைக்கு நாம என்ன கொடுத்தோம்? ஒரு டீ-சட்டை, ஒரு நிற விதி.

நிறம்தான் குத்தம் என்று சொல்ல வரேன்னு நினைக்காதீங்க. நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். தேடிப் படித்தபோது ஒரு சுவாரசியமான விஷயம் கிடைத்தது. பாலைவனத்து பெதூயின் மக்கள் அந்தக் கொளுத்துற வெயிலில் ஏன் கறுப்பு அங்கி போடுறாங்க என்று சில விஞ்ஞானிகள் ஆராய்ந்து, 1980இல் நேச்சர் இதழில் எழுதினாங்க. கறுப்பு அங்கி வெள்ளையைவிட அதிகச் சூட்டை இழுக்குது, உண்மை. ஆனா அங்கி தொளதொளன்னு இருப்பதால் அந்தக் கூடுதல் சூடு தோலுக்கு வந்து சேரும் முன்னாடியே காத்தோட போயிடுது. கறுப்பு போட்டாலும் வெள்ளை போட்டாலும் உள்ளே இருக்கிற மனுஷனுக்குக் கிடைக்கிற சூடு ஒண்ணுதான்.

அது காய்ந்த பாலைவனம், நம்ம ஊர் ஈரம். அப்படியே இங்கே பொருத்த முடியாது. ஆனா விஷயம் புரியுது இல்லையா? முக்கியம் தளர்ச்சியும் துணியும். நாமோ நிறத்தை மட்டும் சொல்லி, துணியைப் பத்தி வாயே திறக்கவில்லை. மொத்தமான கறுப்பு ஜீன்ஸ் விதிப்படி சரி. காத்தோட்டமான சந்தன நிறப் பருத்தி பேண்ட் விதிப்படி தப்பு. இது என்ன நியாயம் லா?

இனி துணிக் கதை. ஜீன்ஸ் துணி ஒரு சதுர மீட்டர் 350, 400 கிராம் இருக்கும். வெயில் காலத்துக்கான மெல்லிய பருத்தி, லினன் பேண்ட் துணி 150லிருந்து 200 கிராம். அதாவது பாதி. நனைந்தால் ஜீன்ஸ் இன்னும் கனக்கும், காய நாளாகும். 'நூறு சதவீதம் பருத்தி' என்ற சீட்டைப் பார்த்து ஏமாறாதீங்க, ஜீன்ஸும் பருத்திதான். கடையில் நான் செய்வது இதுதான்: துணியை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்ப்பேன், நெசவுக்குள்ளே வெளிச்சம் கொஞ்சம் தெரியணும். அப்புறம் துணியை வாயில் வைத்து ஊதுவேன், மூச்சு அந்தப் பக்கம் கையில் படணும். கடைக்கார அங்கிள் முறைப்பார். பரவாயில்லை.

லினன் நல்லது, ஆனா போட்ட பத்து நிமிஷத்தில் கசங்கும். கசங்கட்டுமே, தரையில் சம்மணம் போட்டுப் பரிமாறுற இடத்தில் மடிப்புக் கலையாமல் யார் இருக்கப் போறாங்க? ரேயான் துணி தொட்டால் வழுவழுன்னு குளிர்ச்சியாக இருக்கும். யானைப் படம் போட்ட பேண்ட்டெல்லாம் பெரும்பாலும் அதுதான். ஆனா நனைந்தால் பலம் குறையும், உட்கார்ந்து எழும்போது தையல்கிட்ட கிழிஞ்சு மானம் போகும். எனக்கு ஒரு தடவை போச்சு, விவரம் வேண்டாம்.

விளையாட்டு பேண்ட் வகை பாலியெஸ்டர் பற்றி நியாயமாகச் சொல்லணும். ஓடுறதுக்கு நல்லது, சீக்கிரம் காயும். ஆனா மடப்பள்ளியிலும் தீபத்தட்டு, கர்ப்பூரம் பக்கத்திலும் நிற்கிறவங்க போடவே கூடாது. பருத்தியில் நெருப்புப் பட்டால் எரியும், கருகும். பாலியெஸ்டர் உருகித் தோலில் ஒட்டிக்கும். அன்னதான அடுப்புப் பக்கம், தீமிதிக் குழிப் பக்கம் நிற்கிற தம்பிகளே, இதை மட்டுமாவது ஞாபகம் வச்சுக்கோங்க.

வெட்டு விஷயம் சுருக்கமாக: தொடையில் ரெண்டு விரல் துணியைப் பிடிக்க முடியணும், இல்லாவிட்டால் மத்தியானத்துக்குள்ள தொடை உரசிப் புண்ணாகிடும். இடுப்பில் நாடாவோ பின்பக்கம் எலாஸ்டிக்கோ இருந்தால் வாளி தூக்கக் குனிய வசதி. நீளம் கணுக்காலுக்கு மேலே ரெண்டு விரல். நாம வெறுங்காலோட நிற்கிறோம், கோயில் தரை எப்பவும் ஈரம், தரையைத் தொடும் பேண்ட் அந்தத் தண்ணியையும் பாலையும் துடைச்சுக்கிட்டே போகும். வெள்ளை வேண்டாம், நனைந்தால் உள்ளே இருப்பதெல்லாம் தெரியும். துவைக்கும்போது வாசனைத் திரவம் ஊத்தாதீங்க, துணி வியர்வையை உறிஞ்சுறது குறைஞ்சிடும்.

இப்போ பெரியவங்க சிலர் கேட்பாங்க: "பேண்ட்டே எதுக்கு? வேட்டி கட்ட வேண்டியதுதானே?" ஐயா, எனக்கும் வேட்டிதான் உயிர். காத்தோட்டத்தில் வேட்டியை மிஞ்ச ஒண்ணும் இல்லை. ஆனா தடுப்பு தூக்கணும், ஏணியில் ஏறணும், சக்கர நாற்காலி தள்ளணும், மயங்கி விழுந்தவரைத் தூக்கிக்கிட்டு ஓடணும். பழகாத பிள்ளை ஒரு கையால் வேட்டியைப் பிடிச்சுக்கிட்டு மறு கையால் தொண்டு செய்றான். 'ஒட்டிக்கோ கட்டிக்கோ' வேட்டி வந்துடுச்சுதான், அது அவிழாது, ஆனா ஏணியில் கால் தடுக்கத்தான் செய்யும்.

பேண்ட் நம்ம மரபு இல்லை என்பதும் முழு உண்மை இல்லை. என் பாட்டி பேண்ட் என்று சொல்லவே மாட்டார், 'சிலுவார்' என்பார். மலாய் 'செலுவார்', பாரசீக 'ஷல்வார்', நம்ம பெண்கள் போடும் பஞ்சாபி சூட்டின் சல்வார், எல்லாம் ஒரே சொல்தான். பைஜாமாவும் அந்தப் பக்கத்துச் சொல். தொளதொளன்னு, நாடா கட்டிப் போடுற உடுப்பு அது. ஒட்டிப் பிடிக்கிற பேண்ட்தான் நமக்குப் புதுசு. தமிழ்நாட்டில்கூட, சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2016 ஜனவரி 1 முதல் கோயில்களுக்கு உடைக் கட்டுப்பாடு சொன்னபோது, ஆண்களுக்கு வேட்டியோடு பைஜாமாவையும் ஃபார்மல் பேண்ட்டையும் சேர்த்துத்தான் சொன்னது. பிறகு அந்த உத்தரவுக்குத் தடை வந்தது வேறு கதை. கட்டுப்பாடு போட நினைச்சவங்களே பேண்ட்டை விலக்கவில்லை என்பதுதான் நான் சொல்ல வருவது.

அரைக்கால் பேண்ட் கேட்கும் தம்பிகளுக்கு: இல்லை. அதில் நானும் பழைய ஆள்தான். மூலஸ்தானம் வரை போய் வர்றவங்க கணுக்கால் வரை மூடியிருக்கணும். மூடுறதுக்கும் வேகுறதுக்கும் சம்பந்தம் இல்லை என்பதற்காகத்தான் இவ்வளவும் எழுதுறேன்.

இன்னொரு விஷயம், இதுதான் எனக்கு ரொம்ப உறுத்துது. ஞாயிற்றுக்கிழமை தொண்டுக்கு வரும் ஊழியர் தம்பிகள். தஞ்சாவூர், சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கம் இருந்து வந்து கட்டுமானத் தளத்தில் வாரம் ஆறு நாள் வேலை செய்துட்டு, கிடைக்கும் ஒரு நாள் லீவில் நம்மோட வந்து பாத்திரம் கழுவுறாங்க. விடுதியில் அவங்க பெட்டியில் இருப்பது ரெண்டு கைலி, வேலைக்குப் போடும் மொத்தமான பேண்ட், வெளியே போக ஒரு ஜீன்ஸ். கறுப்பு பேண்ட் இல்லை என்பதால் ஒருத்தர் பின்பக்கமே நின்றுவிட்டு, படம் எடுக்கும்போது ஒதுங்கிப் போனதை நான் பார்த்திருக்கேன். ஊருக்கு அனுப்பும் காசில் பிடித்து நம்ம படத்துக்காக ஒரு பேண்ட் வாங்கணுமா?

ஜப்பானில் 2005இல் அரசாங்கமே 'கூல் பிஸ்' என்று சொல்லி அலுவலகக்காரங்களைக் கோட்டும் டையும் கழட்டச் சொன்னது. கோட்டுப் போடாமல் மேலதிகாரி முன்னாடி நிற்க கூச்சப்பட்ட சமூகம் அது. மேலே இருக்கிறவங்க முதலில் கழட்டினதால்தான் கீழே இருக்கிறவங்களும் கழட்டினாங்க.

அதனால் நம்ம குழுப் பொறுப்பாளர்களுக்கு என் கோரிக்கை. அறிவிப்பில் அந்த ஒரு வரியை மாத்துங்க: "தளர்வான, மெல்லிய பருத்தி பேண்ட் அல்லது வேட்டி, கணுக்கால் வரை. பெண்கள் சேலை அல்லது தளர்வான பஞ்சாபி சூட். ஜீன்ஸ், லெகிங்ஸ் வேண்டாம். நிறம் எதுவானாலும் சரி." டீ-சட்டை ஒரே மாதிரி இருந்தாலே குழு தெரியும். கறை பட்டால் படட்டும், அன்னதானத்தில் கறை படாதவன் வேலை செய்யலைன்னு அர்த்தம். டீ-சட்டை அச்சடிக்கும் காசில் கொஞ்சம் ஒதுக்கி, வாங்க முடியாதவங்களுக்கு ஒரு பேண்ட் தைச்சுக் கொடுக்கலாம். கூட்டத்தில் இதை நான் முன்மொழியப் போறேன். எதிர்க்கிறவங்க வந்து எதிர்க்கலாம், ஆனா கூட்டத்தை மத்தியானம் ஒரு மணிக்கு வெளியே நின்று நடத்தலாம் என்பது என் நிபந்தனை.

நானும் இன்னும் ரெண்டு பேரும் வர்ற சனிக்கிழமை காலை பத்து மணிக்கு தேக்கா நிலையத்துக்குப் போறோம், மாடியில் துணிக்கடைகளைப் பார்த்துட்டு அங்கேயே தையலுக்கும் அளவு கொடுக்க. மொத்தமா எடுத்தால் விலை குறையும். வர்றவங்க கமெண்ட்ல பேர் போடுங்க. அந்தத் தம்பியும் வரான். அவன் அம்மாவும் கூட வர்றாங்களாம், துணியை ஊதிப் பார்க்கிற வேலையை அவங்க எடுத்துக்கிறேன்னு சொல்லிட்டாங்க.