கிரப் பாத்துக்கும்னு விட்டா எப்படி?

லினக்ஸ் இமேஜ் செய்யுற நண்பர்கள் மேல எனக்கு ஒரே ஒரு கோபம்தான். வால்பேப்பர், எழுத்துரு, தமிழ் விசைப்பலகை எல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்யுறீங்க. மெஷினைப் போட்டதும் எந்தக் கெர்னல் எழுந்திருக்கணும்ங்கிறதை மட்டும் யாரும் முடிவு பண்றதில்லை. கேட்டா, "அதை கிரப் பாத்துக்கும்".

கிரப் என்னத்தைப் பாக்கும்? டெபியன் வகையறாவில் 'கிரப்_டீஃபால்ட்' மதிப்பு 0. அதாவது மெனுவின் முதல் வரி. மெனு எழுதும் ஸ்கிரிப்ட் பதிப்பு எண்ணை வைத்து வரிசைப்படுத்தும். பெரிய எண் மேலே. அவ்வளவுதான் அதோட ஞானம்! நீங்க நாலு நாள் சோதிச்சது ஒரு கெர்னல். கடைசி நிமிஷ அப்டேட்ல இன்னொண்ணு வந்து மேல உக்காந்தா, பயனர் கைக்குப் போறது நீங்க ஒரு தடவைகூட பூட் பண்ணாதது. வைஃபை டிரைவரைத் தனியா கம்பைல் பண்ணிப் போட்டிருந்தா இன்னும் மோசம். எந்தக் கெர்னலுக்குக் கட்டினீங்களோ அதுலதான் அது ஏறும்.

"பிரச்சினைன்னா மெனுவுல பழசைத் தேர்ந்தெடுத்துக்கலாமே?"

யாரு? 2011 செப்டம்பர் 15-ல் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்குச்சு. விண்டோஸோட சென்னை சி-டாக்கின் பாஸ் லினக்ஸும் அதுல வந்துச்சு. அப்படி ஒரு இமேஜ் எங்கெல்லாம் போகும்? திண்டுக்கல்லில் பஸ் ஏறி, பன்றிமலை தாண்டி ஆடலூர் வரைக்கும் போகும். அங்க காபித் தோட்டத்துல வேலை பாக்குறவங்க வீட்டுப் பொண்ணு 'கெர்னல் பேனிக்'னு கறுப்புத் திரையைப் பாத்தா, 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' உள்ள போகணும்னு அதுக்கு யார் சொல்லுவா? நெட்ல தேடலாம்னா, தேட வேண்டிய மெஷினே படுத்துக் கிடக்கு. "லினக்ஸ் வேலைக்கு ஆகாது"ன்னு விண்டோஸுக்குப் போயிடும். நாம இங்க உக்காந்து 'விண்டோஸ் மோகம்'னு பதிவு போட்டுத் திட்டுவோம்.

"பழசையே வெச்சிருந்தா பாதுகாப்பு ஓட்டை அடைபடாதே?" நியாயமான கேள்வி. பழசுலயே கிடங்கன்னு நான் சொல்லலை. புதுசை ஏத்துங்க, சோதிங்க, அப்புறம் டீஃபால்ட்டா மாத்துங்க. அதுக்கு வழி ஏற்கனவே இருக்கு:

1. டீஃபால்ட்டை 'சேவ்டு' ஆக்கிட்டு, 'கிரப்-செட்-டீஃபால்ட்' மூலம் சோதிச்ச கெர்னலைக் குறிங்க. வரிசை எண்ணால வேணாம், மெனு ஐடியால. புதுக் கெர்னல் வந்தா எண் நகர்ந்துடும்.

2. புதுசை 'கிரப்-ரீபூட்' வெச்சு ஒரே ஒரு தடவை எழுப்புங்க. கூடவே 'பேனிக்=10' கொடுங்க. பேனிக் ஆனா பத்து விநாடியில தானா ரீபூட் ஆகி, பழைய கெர்னலுக்கே திரும்பிடும். வெறுமனே தொங்கி நின்னுச்சுன்னா, ஒரு தடவை ஆஃப் பண்ணிப் போட்டாப் போதும்.

3. நல்லா ஓடின பழைய கெர்னலை அழிச்சிடாதீங்க.

மொத்தம் பத்து நிமிஷ வேலை. அதை நீங்க செய்யலைன்னா, செலவு மலைமேல இருக்கிறவங்க தலையில: பஸ் காசு, ஒரு நாள் கூலி, கடைக்காரருக்கு 'ஃபார்மட்' காசு.

டீஃபால்ட்டுங்கறது வாக்குறுதி, மக்களே. "இதை நான் ஓட்டிப் பாத்தேன், ஓடும்"னு சொல்றது. ஓட்டிப் பாக்காததை முதல் வரியில வெக்காதீங்க.

டிஸ்கி: "ஃபெடோராவுல வேற மாதிரி"ன்னு வர்றவங்களுக்கு: ஆமா, அங்க 'கிரப்பி' இருக்கு. கெர்னலைச் சொல்ல வேண்டிய ஆள் அங்கயும் நீங்கதான் :)