பலகை தொங்குகிறது, வீடு கிடைப்பதில்லை

மைசூரில் குவெம்புநகர், சரஸ்வதிபுரம் பக்கம் “மனெ பாடிகெகெ இதெ” என்ற பலகையைப் பார்த்துக் கதவைத் தட்டினால், வாடகைப் பேச்சு பிறகுதான். முதல் கேள்வி, “நீவு யாவ ஜன?”

மாற்றலாகி வந்த சக ஊழியர் ஒருவருடன் சென்ற மாதம் ஐந்து வீடுகள் ஏறி இறங்கினேன். அவர் ஆதிதிராவிடர். நான்கு வீடுகளில் இந்தக் கேள்வி. பதிலைக் கேட்டதும் வீட்டுக்காரரின் தம்பி ஊரிலிருந்து குடிவரப் போவது நினைவுக்கு வந்துவிடுகிறது! மறுவாரமும் பலகை அங்கேயே தொங்கியது. நால்வரில் ஒருவர் தமிழர். எல்லை தாண்டினாலும் இந்தக் கேள்வியைப் பெட்டியில் கட்டிக்கொண்டுதான் வந்திருக்கிறோம்.

இதற்குச் சட்டம் இல்லையா? உண்டு. 1955-ல் வந்து 1976-ல் கடுமையாக்கப்பட்ட குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டப்படி, தீண்டாமை காரணமாக ஒருவர் எந்தப் பகுதியிலும் குடியிருப்பதைத் தடுத்தால் ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறை, அபராதமும் உண்டு. பாதிக்கப்பட்டவர் தாழ்த்தப்பட்டவர் என்றால், காரணம் தீண்டாமையே என்று கோர்ட்டு அனுமானிக்க வேண்டும். மறுப்பவர்தான் நிரூபிக்க வேண்டும். ஆனால் “தம்பி வருகிறான்” என்றவர் மீது யார் வழக்குப் போடுவது? பள்ளிக்கூடம் திறப்பதற்குள் குடும்பத்துக்குக் கூரை வேண்டுமே.

முஸ்லிமுக்கும் அசைவம் சாப்பிடுகிறவருக்கும் இதுகூட இல்லை. அரசியல் சட்டத்தின் 15-வது பிரிவு கடை, ஓட்டல், கிணறு, குளம் என்று சொல்கிறது. வாடகை வீட்டைச் சொல்லவில்லை. பார்சிகளுக்கு மட்டுமே வீடு என்ற ஆமதாபாத் கூட்டுறவுச் சங்கத்தின் விதியை 2005-ல் சுப்ரீம் கோர்ட்டு ஏற்றுக்கொண்டது. எச்.ஐ.வி. தொற்றுள்ளவர்களுக்கு 2017-லும், திருநங்கையருக்கு 2019-லும் வந்த சட்டங்கள் மட்டும் வாடகைக்கு வீடு மறுப்பதைப் பெயர் சொல்லித் தடுக்கின்றன. அதே வரியை மற்றவர்களுக்கும் எழுத என்ன தடை?

கர்நாடகத்தின் 1961-ம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில், வீடு காலியானால் அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். அவர் ஆளை ஒதுக்கலாம். அதில் கையூட்டு இல்லை என்று சொல்லமாட்டேன். 2001 டிசம்பர் 31-ல் புதுச் சட்டம் நடைமுறைக்கு வந்ததும் அதுவும் போயிற்று.

அமெரிக்காவில் 1968-ல் வீட்டுவசதிப் பாகுபாட்டுத் தடைச் சட்டம் வந்தது. அங்கே ஒரே வருமானமுள்ள கறுப்பர் ஒருவரையும் வெள்ளையர் ஒருவரையும் ஒரே வீட்டுக்குத் தனித்தனியே அனுப்பிப் பதிலை ஒப்பிடுகிறார்கள். அது கோர்ட்டில் சாட்சியமாகிறது. இங்கே தொழிற்சங்கமோ தமிழ்ச் சங்கமோ இதைச் செய்யலாம். இரண்டு பேரும் ஒரு நோட்டுப் புத்தகமும் போதும்.

ரயில்வே குவார்ட்டர்ஸில் வரிசைப்படிதான் வீடு. யாவ ஜன என்று கேட்டு அங்கே யாரும் கதவைச் சாத்துவதில்லை. நண்பரின் முறை வர நாளாகும். அதுவரை நஞ்சன்கூட்டில் குடியிருந்து, சாமராஜநகர் வண்டியில் வேலைக்கு வருகிறார்.