பூசாத சுவர்கள்

பத்து காஜாவில் இருக்கும் கெல்லி மாளிகை என்றதுமே நம் பிள்ளைகள் கேட்பது, "அங்கே பேய் இருக்குதாமே?" என்றுதான். இருந்தால் இருக்கட்டும். நான் அங்கே போனால் பார்ப்பது செங்கலைத்தான்.

வில்லியம் கெல்லி ஸ்மித் ஸ்காட்லாந்திலிருந்து 1890-இல் மலாயா வந்தபோது அவருக்கு வயது 20. பிறகு ரப்பர் தோட்ட முதலாளியானார். முதலில் கட்டிய வீடு போதாதென்று, 1915-இல் அதன் பக்கத்திலேயே இந்த மாளிகையைத் தொடங்கினார். செங்கல் இந்தியாவிலிருந்து கப்பலில் வந்தது. கட்டும் ஆட்களும் மதராஸ் மாகாணத்திலிருந்து வந்தார்கள். ஆறு மாடிக் கோபுரம். அதற்குள் மின்தூக்கி வேறு! குழி இன்றும் இருக்கிறது, மின்தூக்கிதான் வரவேயில்லை.

1918 வாக்கில் உலகையே உலுக்கிய விஷக்காய்ச்சல் இந்தத் தோட்டத்தையும் விடவில்லை. தொழிலாளர்கள் பலர் இறந்தார்கள். மிஞ்சியவர்கள் மாரியம்மனுக்கு ஒரு கோயில் கேட்டார்கள், துரை கட்டிக்கொடுத்தார் என்று இங்கே சொல்வார்கள். சற்றுத் தள்ளி அந்தக் கோயில் இருக்கிறது. மேலே சாமி சிலைகளோடு, வெள்ளை உடுப்பில் ஒரு துரையும் நிற்கிறார்!

1926-இல் லிஸ்பன் நகரில் நிமோனியா கண்டு ஸ்மித் இறந்தார். வேலை நின்றது, குடும்பம் சொத்தை விற்றுவிட்டது.

வேலை பாதியில் நின்றதால் நமக்கு ஒரு லாபம். முடிந்திருந்தால் பூச்சும் சுண்ணாம்பும் எல்லாவற்றையும் மூடியிருக்கும். இப்போது ஜன்னல் வளைவுகளில் செங்கல் அப்படியே தெரிகிறது. வளைவு கட்டுவது சாதாரண வேலையில்லை. முதலில் மரச்சட்டம் நிறுத்தி, அதன்மேல் கல்லை விசிறிபோல் அடுக்கி, சாந்து இறுகியபின் சட்டத்தை உருவ வேண்டும். அளவு பிசகினால் அன்றே சரிந்துவிடும். இவை நூறு வருட மழைக்கும் அசையவில்லை.

அங்கே ஸ்மித் குடும்பத்தின் கதையை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். ஒரு கொத்தனாரின் பெயரையாவது யாரும் சொல்லிக் கேட்டதில்லை. துரைக்குச் சிலை வைத்தவர்களுக்கு ஒரு பெயர்ப்பலகைகூடவா வைக்க முடியாது?

பள்ளி விடுமுறையில் போகிறீர்களா? முதலில் கோயிலுக்குப் போய் அந்தத் துரையைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். நுழைவுச்சீட்டு அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்.